இரண்டு முத்தையாக்களும் ஒரு சின்ன நிரல் பெட்டியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணினித் துறை மாணவன் அல்ல. பி.காம். இறுதியாண்டு. பற்று, வரவு, தேய்மானம் என்று போய்க்கொண்டிருக்கும் ஆள். அப்படிப்பட்டவன் நிரல் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்டால், அதற்குக் காரணம் என் சித்தப்பா மகள்.

ஏற்காட்டில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு. டிசம்பர் மாதம் பழம் பறிக்கும் காலம். சாயங்காலம் மூட்டைகளை எடை போட்டு, கிலோ எவ்வளவு, விலை எவ்வளவு என்று நோட்டில் எழுதுவது அவள் வேலை. ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. விடுமுறைக்குப் போயிருந்தபோது ஒருநாள், "அண்ணா, இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரே போடாதா?" என்று கேட்டாள். போடும், ஆனால் நீதான் அதற்குச் சொல்லித்தர வேண்டும் என்றேன். தமிழிலேயே சொல்லித்தரலாமா என்பது அடுத்த கேள்வி. ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இணையப் பக்கம் ஒன்றில் நிரல் எழுதும் பெட்டி ஒன்றைப் பொருத்தி, கீழே ஒரு பொத்தான் வைத்தேன். தமிழில் எழுதும் நான்கைந்து சொற்களை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றி ஓட்டும் ஒரு சின்ன நிரலும் சேர்த்தேன். அவள் எழுதிய முதல் நிரல் இது:

கிலோ = 42
விலை = 50
முடிவு = கிலோ * விலை
பதிப்பி முடிவு

(எண்கள் சும்மா எடுத்துக்காட்டுக்கு. சித்தப்பாவின் கணக்கை இங்கே போட்டால் உதைப்பார்!)

"விலை" என்ற சொல்லில் ஒரு பிழை. திருத்தலாம் என்று அந்த எழுத்தின் மேல் சொடுக்கினாள். கர்சரோ இரண்டு எழுத்து தள்ளிப் போய் மினுக்கியது. அழித்தால் வேறு எழுத்து அழிந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி தவறு. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "நான்தான் தப்பா அடிக்கிறேனாண்ணா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னைத் தைத்தது. அவள் சரியாகத்தான் அடித்தாள். அப்படியானால் தப்பு யாருடையது? தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பொருத்தியது எந்தப் பெட்டி என்ற பெயர் வேண்டாம். அது ஒரு பெட்டியின் குற்றம் அல்ல, ஒரு பழைய பழக்கத்தின் குற்றம்.

முதல் முத்தையா

வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. பிளஸ் டூ விடுமுறையிலோ கல்லூரி முதலாண்டிலோ டைப்ரைட்டிங் பயிலகத்தில் சேர்ந்துவிட வேண்டும். நானும் சேலத்தில் தமிழ் லோயர் எழுதினேன். அந்த வண்டியில் எந்த எழுத்தை அடித்தாலும் மேலே உள்ள உருளை ஒரே அளவுதான் நகரும். ஒல்லியான 'ர' என்றாலும் அதே தூரம், அகலமான 'ஞ' என்றாலும் அதே தூரம். ஆங்கிலத்திலும் இப்படித்தான், 'ஐ'க்கும் 'டபிள்யூ'வுக்கும் ஒரே இடம். கணினியில் நிரல் எழுதுவோர் இன்றும் விரும்பும் சம அகல எழுத்துருக்கள் இந்த வழியில் வந்தவையே.

ஆனால் தமிழ் வண்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. புள்ளி வைக்கும் விசையைத் தட்டினால் உருளை நகராது. முதலில் புள்ளி, பிறகு 'க'. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து 'க்' ஆகிவிடும். இதற்கு நகரா விசை என்று பெயர். 

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா போனவர். 247 எழுத்துகளை ஒரு கையகல விசைப்பலகையில் எப்படி அடக்குவது என்பதுதான் அவர் முன்னால் இருந்த சிக்கல். எல்லாவற்றுக்கும் தனித்தனி விசை வைக்க இடமில்லை. எழுத்தையும் குறியையும் பிரித்து வைத்து, தேவைப்பட்ட இடத்தில் உருளையை நகராமல் நிறுத்தினார். வெளிநாட்டுப் பொறி கொடுத்த கட்டம் கட்டமான நகர்வை ஏற்றுக்கொண்டு, அதற்குள் தமிழுக்கு ஒரு விலக்கு வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

வெறும் பெட்டி

இணையப் பக்கத்தில் பல வரி எழுத ஒரு பெட்டி வேண்டும் என்ற ஏற்பாடு 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரத்திலேயே இருக்கிறது. டெக்ஸ்ட்ஏரியா என்று பெயர். ஒரு வெள்ளைச் சதுரம், அவ்வளவுதான். வண்ணம் கிடையாது, வரி எண் கிடையாது. ஆனால் அதில் கர்சரை எங்கே வைப்பது, எழுத்தை எப்படி வரைவது என்ற எல்லா வேலையையும் உலாவியே பார்த்துக்கொள்ளும்.

தமிழர்கள் இந்த வெள்ளைச் சதுரத்தை ரொம்பவே பயன்படுத்தினார்கள். யுனிகோட் 1991இல் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனாலும் 2000களின் முற்பாதி வரை ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியாக்கம் என்ற நிலைதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு பிறந்தது. பிறகு இணையப் பக்கத்திலேயே தமிழ் அடிக்கும் பெட்டிகள் வந்தன. ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியை அக்காலத்து இணையத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேல் பெட்டியில் பழைய குறியாக்கத்தை ஒட்டினால், கீழ்ப் பெட்டியில் யுனிகோடு வரும். பின்னால் ஓடியது சில கிலோபைட் ஜாவாஸ்கிரிப்ட். எதையும் நிறுவ வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மணிக்குக் காசு கொடுத்தவர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பெட்டிகளில் கர்சர் தள்ளிப்போய் நிற்கவில்லை. காரணம் எளிது. அவை உலாவியின் வேலையில் குறுக்கிடவில்லை.

கட்டம் போட்ட தாள்

நிரல் எழுதுவோருக்கு வெள்ளைச் சதுரம் போதவில்லை. கட்டளைச் சொற்கள் ஒரு நிறத்தில், மேற்கோளுக்குள் இருப்பவை வேறு நிறத்தில் தெரிந்தால் பிழை கண்ணில் படும். டெக்ஸ்ட்ஏரியாவுக்குள் ஒரு சொல்லுக்கு மட்டும் நிறம் கொடுக்க வழியில்லை. 

2007இல் மரைன் ஹாவர்பெக்க என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் கற்பிக்கும் தன் இணையப் புத்தகத்துக்காக ஒரு பெட்டி செய்தார். வாசகர் படித்துக்கொண்டே அங்கேயே நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கலாம். அதுதான் கோட்மிரர் ஆனது. முதல் பதிப்பு, உலாவியில் ஏற்கெனவே இருந்த 'திருத்தக்கூடிய பகுதி' என்ற வசதியின் மேல் கட்டப்பட்டது. அந்த வசதி அந்நாளில் உலாவிக்கு உலாவி வேறு மாதிரி நடந்து படாத பாடு படுத்தியது.

2009 பிப்ரவரியில் மொசில்லா ஆய்வகம் பெஸ்பின் என்ற ஒன்றை வெளியிட்டது. அது உலாவியின் எழுத்து வசதிகளைக் கைகழுவிவிட்டு, ஓவியத் திரைபோன்ற ஒரு பரப்பில் ஒவ்வோர் எழுத்தையும் தானே வரைந்தது. 2010இல் ஏஸ் வந்தது. 2011இல் பெஸ்பினும் அதனோடு கலந்துவிட்டது. ஏஸ் ஓவியத் திரையை விட்டுச் சாதாரணப் பக்க உறுப்புகளுக்குத் திரும்பினாலும், ஒரு கணக்கை முழுமையாக நம்பியது. எல்லா எழுத்தும் சம அகலம், ஆகவே ஓர் எழுத்தின் அகலத்தை அளந்து, எத்தனையாவது எழுத்து என்பதால் பெருக்கினால் கர்சரின் இடம் கிடைத்துவிடும். சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு மட்டும் இரண்டு கட்டம்.

ஆயிரக்கணக்கான வரிகளையும் தடுமாறாமல் உருட்ட இந்தப் பெருக்கல் கணக்கு கைகொடுத்தது. வேகமான, அருமையான கருவிதான், அதில் சந்தேகமில்லை. விக்கிப்பீடியாவின் நிரல் திருத்தும் பெட்டியாகவும் ஏஸ் பல ஆண்டுகள் இருந்தது. 2013இல் விக்கிப்பீடியாக்களில் லுவா மொழி நிரல்கள் எழுத வழி பிறந்தபோது, தமிழ் விக்கிப்பீடியர்களும் தமிழ்ச் சொற்கள் கலந்த நிரல்களைத் திருத்த அதே பெட்டிக்குத்தான் வந்தார்கள்.

இப்போது "தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பெருக்கல் கணக்குப்படி ஐந்து கட்டம். திரையிலோ புள்ளி 'ழ'வின் தலைமேல் ஏறிவிடும், தனி இடம் கேட்காது. 'ர' ஒல்லி, 'ணௌ' ஒரு லாரி. கணக்கு ஓரிடத்தில், எழுத்து வேறிடத்தில். வரி நீள நீளப் பிசகும் மாறிக்கொண்டே போகும். என் தங்கை "விலை"யைத் திருத்த முடியாமல் தவித்ததும் இப்படிப்பட்ட ஒரு கணக்கினால்தான்.

புரிகிறதா? தட்டச்சு வண்டியின் கட்டத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தவர்கள், முத்தையா வாங்கித் தந்த விலக்கைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அல்லது அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் முத்தையா

"நிரலைத் தமிழில் யார் எழுதப் போகிறார்கள்? அதனால் என்ன நஷ்டம்?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டாம் முத்தையாவைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்தையா அண்ணாமலை, எழில் என்ற தமிழ் நிரல்மொழியைப் பற்றி 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 2013இல் அது கட்டற்ற மென்பொருளாக எல்லோர் கைக்கும் வந்தது. பைத்தான் மொழியின் மேல் கட்டப்பட்டது. பதிப்பி, ஆனால், இல்லை, வரை, நிரல்பாகம், பின்கொடு, முடி என்று கட்டளைகள் எல்லாம் தமிழ். பள்ளிப் பிள்ளைகள்தான் இலக்கு. கணினிபோல் யோசிக்கும் பழக்கத்தைத் தாய்மொழியில் பிடித்துக்கொண்டால், பிறகு ஜாவாவுக்கோ பைத்தானுக்கோ அதை எடுத்துப் போகலாம் என்பது அவர் வாதம். கணினியில் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே எழிலை எழுதிப் பார்க்கும் பக்கமும் அன்று இருந்தது. பின்னாளில் 'எழுதி' என்ற தனிச் செயலியும் வந்தது.

நான் என் தங்கைக்குக் கொடுத்த "பதிப்பி" என்ற சொல் எழிலில் இருந்து எடுத்ததுதான். அவள் நாளைக்கு வேலைக்குப் போய்த் தமிழில் நிரல் எழுதப் போவதில்லை. ஆனால் முதல் நாள், முதல் மணி நேரம் இருக்கிறதே, அது முக்கியம். அந்த நேரத்தில் கர்சர் தப்பான இடத்தில் நின்றால், "இந்தப் பெட்டி சம அகலத்தை நம்புகிறது" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நினைக்காது. "எனக்கு வரவில்லை" என்றுதான் நினைக்கும். இதுதான் நஷ்டம். எந்த ஐந்தொகையிலும் வராத நஷ்டம்.

சொல்லும் சொல்லின் எல்லையும்

கர்சரைச் சரிசெய்த பிறகும் ஒரு பூதம் கிளம்பியது. "முடி" என்ற கட்டளையை நான் ஜாவாஸ்கிரிப்டின் அடைப்புக்குறியாக மாற்றினேன். என் தங்கையோ "முடிவு" என்று பெயர் வைத்திருந்தாள். "முடிவு"க்குள் "முடி" இருக்கிறது! அது பாதி வெட்டுப்பட்டு "வு" மட்டும் அநாதையாக நின்றது.

ஆங்கிலத்துக்கு இதற்கொரு தயார் மருந்து உண்டு. 'சொல் எல்லை' என்ற குறியைப் போட்டால் முழுச்சொல்லை மட்டும் பிடிக்கும். போட்டேன். இப்போது எதுவுமே மாறவில்லை. காரணம், ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறிக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் 'சொல்'. அதன் கண்ணுக்குத் தமிழ் எழுத்து காற்புள்ளி போல ஒன்று. எல்லை எங்கும் தெரியாது.

2018 தரத்தில் எல்லா மொழி எழுத்துகளையும் அடையாளம் காணும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்தது. அதிலும் ஒரு பள்ளம். 'எழுத்து' என்று மட்டும் கேட்டால் 'க' கிடைக்கும், அதன் மேல் உட்கார்ந்த புள்ளியும் பக்கத்துக் காலும் கிடைக்காது. யுனிகோடு அவற்றைக் 'குறி' என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. எழுத்து, குறி இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் நம் சொல் முழுதாக வரும். கேட்காமல் நிறம் பூசினால் எழுத்து ஒரு துண்டாகவும் கொம்பு ஒரு துண்டாகவும் உடைந்து, நடுவில் புள்ளிவட்டம் எட்டிப் பார்க்கும். அந்த வட்டத்தைப் பார்க்காத தமிழ் இணையவாசி உண்டா? :-)

பெட்டி மெலிந்த கதை

2015இல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் வந்தது. அதன் இதயமான மொனாக்கோ பெட்டி 2016இல் தனியாகவும் கிடைத்தது. எல்லா வசதியும் உண்டு, ஆனால் மெகாபைட் கணக்கில் எடை. எங்கள் ஊருக்குச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். பைக் ஏறும் மலையில் லாரியும் ஏறும்தான், ஆனால் எப்போது வந்து சேரும் என்பதுதான் கேள்வி. பனி இறங்கிய சாயங்காலம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது, நான்கு வரி நிரலுக்காக மெகாபைட்டுகளை இறக்குவது அப்படித்தான்.

கோட்மிரரின் கதையும் வட்டமடித்தது. 2011இல் முழுவதும் புதிதாக எழுதிய இரண்டாம் பதிப்பு, உலாவியின் திருத்தும் பகுதியைக் கைவிட்டு, விசைகளை ஒரு மறைவான டெக்ஸ்ட்ஏரியாவில் வாங்கிக்கொண்டு கர்சரைத் தானே வரைந்தது. 2022இல் முழுமை பெற்ற ஆறாம் பதிப்பு, மறுபடி அதே திருத்தும் பகுதிக்குத் திரும்பியது. கைபேசி விசைப்பலகைகள், பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்கள், பல மொழிகளின் உள்ளீட்டு முறைகள் எல்லாம் உலாவியோடுதான் பேசும். உலாவியை ஒதுக்கினால் அவர்களையும் ஒதுக்க வேண்டியிருக்கும். அதற்குள் கோட்ஜார் போல, இரண்டு மூன்று கிலோபைட்டில் அடங்கும் குட்டிப் பெட்டிகளும் வந்துவிட்டன.

இதில் நான் கண்டது ஒன்றுதான். எடை குறைந்ததும் தமிழ் சரியானதும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. உலாவிக்குத் தெரிந்த வேலையை அதனிடமே விட்டதால்தான் பெட்டி மெலிந்தது. தமிழும் அதனாலேயே நேரானது.

கடைசியில் நான் செய்தது

தயார் பெட்டியைக் கழற்றிவிட்டேன். 1995இன் அதே வெள்ளைச் சதுரம். அதன் எழுத்துக்கு நிறமில்லாமல் செய்து, கர்சருக்கு மட்டும் நிறம் கொடுத்தேன். சதுரத்துக்கு நேர் பின்னால் இன்னோர் அடுக்கு, அதில் அதே எழுத்துகள் வண்ணத்தோடு. முன்னால் அடிப்பது கண்ணுக்குத் தெரியாது, பின்னால் உள்ளது தெரியும். அவ்வளவுதான் வித்தை. செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

இரண்டு அடுக்குக்கும் எழுத்துரு, அளவு, வரி உயரம், ஓர இடைவெளி, வரி மடங்கும் விதம் எல்லாம் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும். 

கட்டளைச் சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டாதீர்கள். தடித்தால் அகலம் மாறும், மறுபடி பிசகும். நிறம் மட்டும் போதும். 

முன் அடுக்கு உருண்டால் பின் அடுக்கையும் உருட்ட வேண்டும். 

கடைசி வரி காலியாக இருந்தால் பின் அடுக்கு அதை விழுங்கிவிடும். ஒரு வெற்றிடம் சேர்த்துவிடுங்கள். 

நிறம் பூசும்போது எழுத்தையும் அதன் குறியையும் பிரிக்காதீர்கள்.

மொத்தம் நூறு வரிகூட இல்லை. பத்தாயிரம் வரி நிரலை இதில் எழுத முடியாது. எழுதத் தேவையும் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு மறுபடி மலையேறியபோது கொண்டுபோய்க் காட்டினேன். "விலை"யின் நடுவில் சொடுக்கினாள். கர்சர் அங்கேயே நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, கர்சரைக் கவனிக்கவே இல்லை. விலையை மாற்றினாள், பொத்தானை அழுத்தினாள், விடையை நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு, "சாக்கு எடையைக் கழிக்கணுமே, அதுக்கு என்ன எழுதணும்?" என்றாள்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் கழித்தலும் வந்துவிட்டது.